குவார்ட்டர்பேக் தேர்வு: எறியும் கையா, ஓடும் காலா?

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் தாக்குதலை வழிநடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்தைச் சக வீரருக்கு எறிவதா, தாமே ஏந்தி ஓடுவதா என்பதை அவர் சில விநாடிகளில் தீர்மானிக்க வேண்டும். பள்ளி வீரர்களைச் சேர்க்கும் கல்லூரிப் பயிற்சியாளர்கள், இவ்விரு திறன்களில் எதற்கு முன்னுரிமை அளிப்பது என்பதில் வேறுபடுகின்றனர்.

குவார்ட்டர்பேக் ஓடக்கூடியவரானால், எதிரணி கூடுதலாக ஒருவரைக் கண்காணிக்க நேரிடும். அதற்கான விலை, காயமடையும் அபாயம். ஓட்டக் கணக்கும் முழு உண்மையைச் சொல்வதில்லை. பந்தை எறியுமுன் வீழ்த்தப்பட்டு இழக்கும் தூரம் கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகிறது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அவ்வாறு கழிப்பதில்லை.

புளோரிடா பல்கலைக்கழகத்தின் டிம் டீபோ 2007-இல் எறிந்து 32, ஓடி 23 டச்டவுன்கள் ஈட்டி, கல்லூரி ஆட்டத்தின் உயரிய ஹெய்ஸ்மன் விருதை வென்றார். எறிதலில் துல்லியம் போதாததால் என்எஃப்எல்லில் அவர் நீடிக்கவில்லை.

லாமர் ஜாக்சனின் கதை வேறு. அவரை வேறு நிலைகளில் ஆடவைக்கச் சில கல்லூரிகள் எண்ணின. குவார்ட்டர்பேக்காகவே ஆடவைப்பதாக உறுதியளித்த லூயிவில் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். 2016-இல் ஹெய்ஸ்மன் விருது பெற்றும், 2018 என்எஃப்எல் வீரர் தேர்வில் 32-ஆவதாகவே பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை எடுத்தது. 2019, 2023 பருவங்களில் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கே கிடைத்தது.