கல்லுப்பட்டியில் ஒரு பழைய கடன் கணக்கு

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் டி. கல்லுப்பட்டியைப் பலமுறை கடந்திருக்கிறேன். இறங்கியதில்லை. ஜே.சி. குமரப்பாவைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், ஒரு சனிக்கிழமை இறங்கினேன். 1940-ல் தொடங்கப்பட்ட காந்திநிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. குமரப்பா தன் கடைசி வருஷங்களைக் கழித்ததும் இங்கேதான். பொருளாதாரத்துக்காகத்தான் அவரிடம் போனேன். திரும்பும்போது மண்டைக்குள் ஓடியது வேறொரு கேள்வி: மனிதனை மீட்கக் கடவுள் சிலுவையில் சாகத்தான் வேண்டியிருந்ததா? சர்வ வல்லவர், "சரி, மன்னிச்சுட்டேன், போ" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

சின்னப்பிள்ளைக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் இதற்காக ஒரு முழுப் புத்தகம் எழுதி 1098-ல் முடித்தார். 'கடவுள் ஏன் மனிதரானார்' என்பது அந்த லத்தீன் தலைப்பின் பொருள். போஸோ என்ற துறவி குடைந்து குடைந்து கேட்க, ஆன்செல்ம் பதில் சொல்வார். பாவம் என்பது கடவுளுக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுக்காமல் வைத்திருப்பது, அதாவது கடன். அவமதித்ததற்கும் சேர்த்து ஈடு கட்ட வேண்டும், இல்லையென்றால் தண்டனை. சும்மா தள்ளுபடி செய்தால் ஒழுங்காக இருந்தவனும் இல்லாதவனும் ஒன்றாகிவிடுவார்கள். கடன்பட்டது மனிதன், ஆனால் அவன் கையில் இருப்பதெல்லாம் ஏற்கனவே கடவுளுடையது. கட்டும் சக்தி கடவுளுக்கு மட்டும்தான். அதனால் மனிதனும் கடவுளுமான ஒருவர் வந்தாக வேண்டும்.

கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த லாஜிக் ரொம்பப் பிடிக்கும். ஒரே சிக்கல், கடவுளையே கட்டிப்போடும் ஒரு விதி உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆன்செல்முக்கும் அது தெரியும். வெளியிலிருந்து வரும் நிர்ப்பந்தம் இல்லை, தொடங்கியதை முடிக்கும் அவருடைய சொந்த உறுதிதான் என்றார்.

13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் தெளிவாகப் பிரித்தார். உயிர் வாழச் சோறு வேண்டும். பயணத்துக்குக் குதிரை வேண்டும். இரண்டு 'வேண்டும்'களும் ஒன்றில்லை. நடந்தும் போகலாம், குதிரை இருந்தால் நல்லது, அவ்வளவுதான். கடவுள் மனிதரானது குதிரை மாதிரி என்றார் அவர். அடுத்து வந்த டன்ஸ் ஸ்கோட்டஸ், பாவமே இல்லாவிட்டாலும் கிறிஸ்து வந்திருப்பார் என்கிற அளவுக்குப் போனார்.

இப்போது குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் படித்த ஆடிட்டர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு வாழ்க்கை திசை மாறியது. பற்று வரவு ரத்தத்தில் ஊறிய மனிதருக்கு ஆன்செல்மின் கணக்கு இனித்திருக்க வேண்டும் இல்லையா? 1940-களில் சிறையில் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பையே பாருங்கள்: இயேசுவின் 'நடைமுறையும் போதனைகளும்'. நடைமுறைதான் முதலில். உனக்காகக் கட்டப்பட்ட தொகையைப் பேசுவதை விட, கட்டியவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்து நடப்பதுதான் அவருக்குக் கிறிஸ்தவம். காந்தியும் தென்னாப்பிரிக்காவில் ஒரு கிறிஸ்தவ நண்பரிடம், பாவத்தின் விளைவிலிருந்து அல்ல, பாவத்திலிருந்தே விடுதலை வேண்டும் என்ற பொருளில் வாதிட்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். இன்ஜினியரிங் படிக்க சித்தப்பா நாற்பதாயிரம் கொடுத்தார். வேலை கிடைத்ததும் திருப்பிக் கொடுக்கப் போனேன். "விடுடா" என்றார். ரொம்ப நாள் கழித்துத்தான் சித்தி சொன்னார், அந்தப் பணத்தால் அவர் வண்டி வாங்குவதை மூன்று வருஷம் தள்ளிப்போட்டாராம். தள்ளுபடி செய்த கடன் காற்றில் கரைவதில்லை, கொடுத்தவர் புத்தகத்தில் நஷ்டமாக ஏறுகிறது. குமரப்பாவுக்கு இது பாலபாடம். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கற்றுக்கொடுக்கும் ஜெபத்தைப் பழைய தமிழ் பைபிள் 'கடன்' என்ற சொல்லால்தான் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் சிலுவை யாருக்கோ கட்டப்பட்ட தொகை இல்லை, மன்னித்தவரே ஏற்றுக்கொண்ட நஷ்டம். ஆன்செல்ம் சொன்ன ஈடு தேவையில்லைதான்; ஆனால் செலவே இல்லாத மன்னிப்பும் கிடையாது. "மன்னிச்சுட்டேன், போ" என்பது நான் நினைத்த அளவு மலிவான வாக்கியம் இல்லை.

குமரப்பா இதையும் விட்டிருக்க மாட்டார். சரிப்பா, நஷ்டத்தை அவர் ஏற்றுக்கொண்டார், அதற்கப்புறம் நீ என்ன செய்தாய் என்று கேட்டிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளாமல், கிராமத் தொழில்களுக்காகவே உழைத்து, இந்தக் கரிசல் ஊரில் வந்து ஒதுங்கியவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 1960 ஜனவரி 30-ல் இறந்தார். காந்தி இறந்த அதே தேதி. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.