பட்டத்துக்குப் பிணை நிற்பவர் யார்?

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பயணம் செய்வோர் பொறியியற் கல்லூரிகளின் பெயர்ப்பலகைகளை வழியெங்கும் காணலாம். அவற்றில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பெறும் சொற்கள் மூன்று. மூன்றும் வெவ்வேறு பொருள் உடையன. தமிழிலோ மூன்றையும் ‘அங்கீகாரம்’ என்றே எழுதிவிடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் இப்பிழைக்கு விலக்கல்லோம். ஆயினும், வேலூரிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ எல்லை கடந்து மகளைக் கணினி அறிவியல் பயில அனுப்பும் தந்தைக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நான்கு ஆண்டுகளும் பெரும்பொருளும் அந்த ஒரு சொல்லை நம்பியே செலவாகின்றன. ஆதலின், அம்மூன்றையும் இணைவு, இசைவு, தரச்சான்று எனப் பிரித்து, அவை பிறந்த வரலாற்றைக் காண்போம்.

முதலில் தோன்றியது இணைவு. 1857-ஆம் ஆண்டில் அமைந்த சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்தும் அமைப்பாகவே தொடங்கிற்று. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் வழங்கிற்று. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1945-இல் நிறுவிய கலைக்கல்லூரியும் இம்முறையிலேயே சென்னையோடு இணைந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. மறு ஆண்டே திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரர் பல்கலைக்கழகம் எழுந்தது. இணைவு தருமுன் ஒரு குழு வந்து பார்வையிடுவது உண்டு. எனினும், மாணவனின் தகுதிக்கு அளவுகோலாக நின்றது ஆண்டிறுதித் தேர்வே.

இவ்வளவுகோல் போதாது என்று சொன்னவர்களுள் ஒருவர் இம்மண்ணிலேயே கல்வி தொடங்கியவர். திருத்தணியில் 1888-இல் பிறந்து, திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களே 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை தாங்கினார். அக்கமிஷன், சீர்திருத்தங்கள் அனைத்திலும் தேர்வுமுறையைத் திருத்துவதையே தலையாயதாகக் கருதிற்று.

அடுத்தது இசைவு. தொழில்நுட்பக் கல்வியில் ஆலோசனை கூறுவதற்காக 1945-இல் ஏற்பட்ட அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்றது. வேங்கடேசுவரர் பல்கலைக்கழகத்தின் பொறியியற் கல்லூரி 1959-இல் தொடங்கியபோது கணினி அறிவியற் பட்டம் நம் நாட்டில் எங்கும் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்ததே 1963-இல்தான். பின்னர், தனியார் கல்லூரிகள் பெருகிய காலத்தில், இத்தனை இடம், இத்தனை ஆசிரியர், இத்தனை மாணவர் என வரையறுத்து இசைவளிப்பது இன்றியமையாததாயிற்று. இசைவு கல்லூரியின் தொடக்கத் தகுதியைக் காட்டும். அங்கே கல்வி கனிந்ததா என்பதைக் காட்டாது.

அக்குறையை நீக்க வந்ததே தரச்சான்று. அமெரிக்காவில் பொறியியற் கல்விக்கென 1932-இல் தொடங்கிய முயற்சியை ஒத்து, இங்கே 1994-இல் என்.பி.ஏ. எனப்படும் தேசிய வாரியம் அமைந்தது. இது கல்லூரி முழுமைக்கும் சான்று தருவதன்று. ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே ஆராய்வது. கல்லூரி முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டு அறிக்கை தருகிறது. பின்னர் வல்லுநர் குழு நேரில் வந்து வினாத்தாள், விடைத்தாள், ஆய்வுக்கூடம் ஆகியவற்றைப் பார்க்கிறது. மாணவரோடும் பழைய மாணவரோடும் உரையாடுகிறது. ஆசிரியர் என்ன கற்பித்தார் என்பதோடு நில்லாமல், மாணவன் எதைச் செய்ய வல்லவன் ஆனான் என்றும் வினவுகிறது. சான்றும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும்.

இங்கே மற்றொரு நுட்பம் உண்டு. பொறியியற் பட்டங்களை ஒருவர்க்கொருவர் மதிப்பது குறித்து ஆறு நாடுகள் 1989-இல் வாஷிங்டன் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 2014-இல் அதன் முழு உறுப்பாயிற்று. ஆனால், அப்பயன் வாரியத்தின் முதல் அடுக்குச் சான்றுக்கே உரியதாக்கப்பட்டது. தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் முதல் அடுக்கு. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே நடத்தும் இணைவுக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. காரணம் வெளிப்படை: தான் வகுக்காத பாடத்திட்டத்துக்கு ஒரு கல்லூரி எங்ஙனம் முழுப்பொறுப்பு ஏற்கும்? ஆண்டுதோறும் மாறிவரும் கணினித் துறையில் இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது. திருப்பதியை அடுத்த ஸ்ரீ வித்யாநிகேதன் பொறியியற் கல்லூரி தன்னாட்சி பெற்று, 2022-இல் மோகன் பாபு பல்கலைக்கழகமாக வளர்ந்தது இவ்வழியின் ஓர் எடுத்துக்காட்டு. அவ்வழி எல்லாக் கல்லூரிக்கும் எளிதன்று. இணைவுக் கல்லூரியில் பயிலும் சித்தூர் மாணவி நன்கு கற்றிருந்தும், அவள் பட்டத்தின் மதிப்பு கடல் கடக்கையில் குறையக்கூடும். அது அவள் குற்றமன்று.

ஆகவே, ‘அங்கீகாரம் உண்டா?’ என்று கேட்பதை விடுத்து, ‘எந்தப் படிப்புக்கு? எந்த அடுக்கில்? எந்த ஆண்டு வரை?’ என்று பெற்றோர் கேட்கட்டும். இணைவு, இசைவு, தரச்சான்று என்று சொற்களைப் பிரித்து எழுத நாம் பழகுவோம். பொருள் தெளிந்தால் அம்மூன்று கேள்விகளும் பெற்றோர் நாவில் தாமே எழும்.