கள்ளியைத் தின்ற பூச்சி

போன வாரம் சென்னையில இருந்து தம்பி மகன் வந்திருந்தான். நானும் வீட்டுக்காரியும் கையில துணியைச் சுத்திக்கிட்டு வரப்புல பார்த்தீனியம் பிடுங்கிக்கிட்டிருந்தோம். "ஏன் பெரியப்பா, களைக்கொல்லி அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடாதா?"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுறேன்.

எங்க அப்பாரு சின்னப் பையனா இருந்த காலத்துல, இந்தப் பக்கம் புறம்போக்கு முழுக்கச் சப்பாத்திக்கள்ளிதானாம். மாடு நுழையாது. பாம்புக்கு அதுதான் வீடு. வெட்டிப் போட்டா, விழுந்த துண்டு ஒவ்வொண்ணும் வேர்விட்டுத் தனிச்செடி ஆயிடும்.

இந்தக் கள்ளி நம்ம ஊர்ச் செடி இல்லை, அமெரிக்கக் கண்டத்துச் செடி. அங்கே அதுமேல வாழும் ஒரு பூச்சியில இருந்து சிவப்புச் சாயம் எடுப்பாங்க. அந்த வியாபாரம் ஸ்பெயின்காரன் கையில இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசில்ல இருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது.

ஆனா வந்தது நல்ல சாயப்பூச்சி இல்லை, அதோட பங்காளி. சாயத்துல லாபம் இல்லை. பூச்சியோ ஒருவகைக் கள்ளியைத் தின்னே அழிச்சது. அதைப் பார்த்து, 1836 வாக்கில் தெற்கேயும் கொண்டுவந்து விட்டாங்க. அந்த வகைக் கள்ளி ஒழிஞ்சது. முள் அதிகமான இன்னொரு வகையை மட்டும் அது தொடவே இல்லை. அதுதான் அப்பாரு பார்த்த கள்ளி.

அதுக்கு ஏத்த பூச்சி 1926-இல் இலங்கையில இருந்து வந்தது. இலங்கைக்கு ஆஸ்திரேலியாவில இருந்து போனது. இதுல பெண்பூச்சிக்குச் சிறகு கிடையாது. அதனால பூச்சி பிடிச்ச மட்டையை வெட்டி, அடுத்த புதர்ல போடணும். சில வருஷத்துல காடு காடாய் நின்ன கள்ளி சரிஞ்சது. இப்பவும் கள்ளியில வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா நசுக்கிப் பாருங்க, ரத்தம் மாதிரி சிவக்கும்.

நூறு வருஷத்துக்கு மேல ஆனது, ஒரு கள்ளிக்கும் இன்னொரு கள்ளிக்கும் பொருத்தமான பூச்சி கிடைக்க. களை எதுன்னு சரியாத் தெரியாம எடுத்த மருந்து பலிக்காது.

பார்த்தீனியம் 1950-கள்ல புனே பக்கம் கண்ணுல பட்டது. அதைத் தின்ன 1984-இல் மெக்சிகோ வண்டைப் பெங்களூருல விட்டாங்க. மழைக்காலத்துல எங்க காட்டுலயும் இலையை அரிக்கும். வெயில் வந்தா மண்ணுக்குள்ள போய்த் தூங்கிடும். அது மட்டும் போதாது.

களைக்கொல்லியும் ஒருதடவை அடிச்சேன். காத்துல சாரல் போய்ப் பக்கத்துக் காட்டுப் பருத்தி இலை சுருண்டுபோச்சு. பங்காளிகிட்ட வாங்கின பேச்சு இன்னும் காதுல கேட்குது. மண்ணுல கிடந்த விதையோ அடுத்த மழைக்கே முளைச்சது.

அதனால பூக்கறதுக்கு முன்னால கையால பிடுங்கறோம். போன வருஷம் முழங்கால் வலின்னு விட்டேன், இந்த வருஷம் ரெண்டு மடங்கு.

கதை முடிஞ்சதும் அவனும் கையில துணி சுத்திக்கிட்டு உக்காந்தான். பூத்த செடி ஒண்ணைப் பிடுங்கி மண்ணை உதறப் போனான்.

"உதறாதே கண்ணு, அதைத் தனியா வை"ன்னேன்.