முரம்பு நிலம்: பல்லாவரம் முதல் பெட்டாலிங் ஜெயா வரை

சங்க இலக்கியம் பயிற்றும் ஆசிரியர்கள் 'முரம்பு' என்னும் சொல் வருமிடத்து, 'பருக்கைக் கல் நிறைந்த மேட்டு நிலம்' என்று பொருள் கூறி அப்பாற் செல்வது வழக்கம். மாணவரும் அதற்குமேல் வினவுவதில்லை. வினைமுடித்து மீளும் தலைவனின் தேர்ச்சக்கரம் அம்முரம்பினை உடைத்துக்கொண்டு உருளும் காட்சி மட்டும் நெஞ்சில் நிற்கும். ஆயினும் அச்சொல் குறிக்கும் நிலம் கற்பனை நிலமன்று. செந்நிறமான களிமண்ணும் அதனிடையே இரும்புச் சத்துச் செறிந்த பரற்கற்களும் கலந்து, மேய்ச்சலுக்கன்றி வேறொன்றுக்கும் எளிதில் இடங்கொடாத வன்புலம் அது. தமிழ் நாட்டின் கீழைக் கரையோரம் பல இடங்களில் இன்றும் அதனைக் காணலாம். மேலை இந்தியாவில் சாலைக்கு இடும் செஞ்சரளையை 'மூரம்' என்று வழங்குகின்றனர். அச்சொல்லும் நம் முரம்பும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பது கருதத்தக்கது.

இந்நிலத்தை உலக அறிவியலார் அறிந்த வரலாறு தென்னாட்டிலேயே தொடங்குகிறது. மைசூர்ப் போர் முடிந்தபின், கைப்பற்றிய நாடுகளின் பயிர், தொழில், மக்கள் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து வருமாறு கும்பினி ஆட்சியார் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரை அனுப்பினர். அவர் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர் வழியாக மலபாரை அடைந்து, 1800 டிசம்பரில் அங்காடிப்புரம் என்னும் ஊருக்கு வந்தார். அங்கே மக்கள் நிலத்தினின்று ஒருவகைச் செங்கல்லை இரும்புக் கருவியால் சதுரஞ் சதுரமாக வெட்டியெடுப்பதைக் கண்டார். வெட்டும்போது மென்மையாயிருந்த அக்கல், காற்றும் வெயிலும் பட்டபின் சுட்ட செங்கல்லினும் உறுதியாயிற்று. அதனை வட்டார மொழிகளில் 'இட்டிகைக் கல்' என்று வழங்குவதாக அவர் குறித்துக்கொண்டார். 1807 இல் வெளிவந்த தம் பயண நூலில், இலத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் 'லாட்டர்' என்னும் சொல்லினின்று 'லாட்டரைட்' என்னும் பெயரை ஆக்கி அதற்கு இட்டார்.

இப்பெயரீட்டில் தமிழாசிரியர்கள் நோக்கத்தக்க ஒன்றுண்டு. இட்டிகை என்பது செங்கல்லைக் குறித்துப் பழந்தமிழ் நூல்களிலேயே வழங்கும் சொல். ஆகவே, உலகெங்கும் நிலநூலார் ஆளும் லாட்டரைட் என்னும் சொல், நம் நாட்டார் வாய்மொழியாய் வழங்கிய ஒரு பெயரின் இலத்தீன் மொழிபெயர்ப்பேயாகும். 1960 இல் அமெரிக்க மண்ணியலார் புதிய வகைப்பாடொன்றை வெளியிட்டபோது, இறுகுந் தன்மையுள்ள இத்தகைய மண்ணுக்குப் 'பிளிந்தைட்' என்று பெயரிட்டனர். கிரேக்கத்தில் 'பிளிந்தோஸ்' என்றாலும் செங்கல்தான். அங்காடிப்புரத்தார் கண்ட உவமையை விட்டு இருவராலும் விலக முடியவில்லை. இன்றைய மலையாளத்தில் இது வெட்டுகல். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களில் செம்பூரான் கல். புக்கானன் கல்லைக் கண்ட அங்காடிப்புரத்தை இந்திய நிலவியல் அளவைத் துறை தேசிய நிலவியல் நினைவிடமாக அறிவித்துள்ளது.

கல்லாக இறுகிய நிலையைப் புக்கானன் விளக்கினார். பரலாகச் சிதறிக் களிமண்ணோடு கலந்த நிலையே முரம்பு. அதன் தொன்மையை வெளிப்படுத்தியவர் இராபர்ட் புரூஸ் பூட். இந்திய நிலவியல் துறை அலுவலரான அவர், 1863 மே 30 ஆம் நாள் பல்லாவரத்துப் படைவீரர் பயிற்சித் திடலருகே, செஞ்சரளை எடுப்பதற்காக வெட்டிய சிறு பள்ளம் ஒன்றில், மனிதன் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கம் என்னும் ஊரருகே அத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டனர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற் சான்று இவ்வாறு முரம்பு நிலத்தினின்றே கிடைத்தது. சாலைக்குச் சரளை வெட்டியவர்களின் மண்வெட்டிக்கும் அப்பெருமையில் பங்குண்டு எனல் மிகையாகாது.

அத்திரம்பாக்கத்தின் கதை அத்துடன் முடியவில்லை. அங்கே மேலே இரும்புச் சரளை அடுக்குகளும் அவற்றின் கீழே தடித்த களிமண் அடுக்கும் உள்ளன. கீழுள்ள களியை நெடுங்காலமாக நிலநூலார் மனிதன் தோன்றுமுன்பே, டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் படிந்தது என்று கருதிவந்தனர். அதனால் அதனுள் கருவி தேடுவார் இலர். சாந்தி பப்பு தலைமையில் 1999 இல் தொடங்கிய அகழாய்வு அக்களியினுள்ளும் கைக்கோடரிகள் இருப்பதைக் காட்டிற்று. விண்கதிர் பட்டுக் கல்லில் உண்டாகும் தனிமங்கள், கல் புதைந்தபின் எவ்வளவு குறைந்துள்ளன என்று அளந்து, அவற்றின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்று 2011 இல் வெளியிட்டனர். அடுத்த கட்டக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்னும் முடிவு 2018 இல் வெளிவந்தது. ஆட்டு மந்தை மேயும் வறண்ட சரளைக் காடு என்று எளிதாகக் கடந்து செல்லும் நிலம், தென்னாட்டு மனிதனின் மிகப் பழைய பதிவேடாக விளங்குகிறது.

இம்மண் எவ்வாறு உண்டாகிறது? வெப்பமும் மழையும் மிக்க நாட்டில் பாறை நெடுங்காலம் சிதையும்போது, சுண்ணம் முதலிய உப்புக்களும் சிலிக்காவின் பெரும்பகுதியும் கரைந்து நீரோடு போகின்றன. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சுகின்றன. நிலத்தடி நீர் ஏறியிறங்கும் மட்டத்தில் இரும்பு ஓரிடத்தினின்று பெயர்ந்து பிறிதோரிடத்தில் திரளுகிறது. அத்திரள் காய்ந்து இறுகினால் பரல். பரல்கள் ஒன்றோடொன்று பிணைந்தால் பாறை. பல்லாவரத்தில் கிடப்பதோ பெரும்பாலும் வேறிடத்தில் விளைந்து, நீரால் அடித்துவரப்பட்டுப் படிந்த பரல்.

பயிருக்கு இதனால் வரும் இடர்ப்பாடு எளிதில் விளங்கும். மண்ணின் பருமனில் பாதி பரல் என்றால், நீரையும் உரத்தையும் தாங்குவது மற்றப் பாதியே. இரண்டடி ஆழமுள்ள நிலம் ஓரடி நிலத்தின் பயனையே தரும். களியோ கரிசலைப் போல நீருண்டு பருத்து வெடிக்கும் களியன்று. அது சத்துக்களைப் பற்றி நிறுத்தும் ஆற்றல் குறைந்த கயோலின் களி. இடும் பாஸ்வர உரத்தை இரும்பு பற்றிக்கொண்டு வேருக்கு விடாது. சென்னைப் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்தாலும், அதிற் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் காரையும் களாவும் சூரையுமே முரம்பில் நிற்கும். இத்தகைய நிலத்தை உழவர் ஆடு மாடுகளுக்கு விட்டது சோம்பலால் அன்று. பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் முந்திரி தழைத்ததும், ஆழ வேரோடி வறட்சியைத் தாங்கும் மரம் அது என்பதனாலேயே.

மலாய் நாட்டிலும் இம்மண் புதியதன்று. மலாக்காவில் போர்த்துக்கீசியர் 1511 இல் நகரைக் கைப்பற்றியபின் எழுப்பிய கோட்டையிலும், குன்றின்மேலுள்ள பழைய தேவாலயத்திலும் செம்பூரான் கற்கள் மிகுதியாக உள்ளன. புக்கானன் நூல் வெளிவந்த 1807 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் அக்கோட்டையை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர் என்பது ஒரு வியப்பான ஒற்றுமை. இராபிள்ஸ் தலையிட்டதால் ஒரு வாயில் எஞ்சியது. பின்னாளில் மலாயாவின் மண்ணியலார் மண்வகைகளுக்கு ஊர்ப்பெயர் இட்டபோது, இரும்புப் பரல் செறிந்த களிமண்ணுக்கு 'மலாக்கா வரிசை' என்றே பெயரிட்டனர். தீபகற்பத்தின் மேற்குப் பகுதிக் குன்றுகளில், களிப்பாறை சிதைந்த இடங்களில் இவ்வரிசை மண் பரந்து கிடக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குன்றுக்கும் ஆற்றங்கரைக்கும் உள்ள வேற்றுமையைப் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே காட்டும். 1881 இல் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின், அத்தாப்புக் கூரைக்கு மாற்றாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் வீடு கட்டுமாறு ஆட்சியார் பணித்தனர். அதற்குச் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். சூளைக்கு வேண்டியது பரலற்ற நுண்களி. அது ஆறு படியவைத்த தாழ்நிலத்தில் கிடைக்கும். பரல் நிறைந்த குன்று மண் சூளைக்கு ஆகாது. அக்குன்றுகள் ரப்பருக்குப் போயின.

அக்குன்றுகளில் பாடுபட்டவர் பெரும்பாலும் தமிழர். செங்கற்பட்டு, தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்தோர் பலர், ஊரில் கண்ட செஞ்சரளையையே இங்கும் பால்மரங்களின் அடியில் கண்டிருப்பர். மண் உறவினதே, மழைதான் வேறு. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழையற்ற மாதமென்று ஒன்றில்லை. ஊரில் முரம்பை வருத்தியது வறட்சி. இங்கு அதனை வருத்தியது அரிப்பு.

இவ்வரிப்பில் மழையைக் காட்டிலும் தோட்ட முறைக்குப் பங்கு அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் துரைமார், மரத்தடியில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்னும் கொள்கையினர். வெறுந்தரையே நல்ல மேற்பார்வைக்கு அடையாளம் என்று எண்ணினர். ஆகவே 'வெளிக்காட்டு வேலை' என்று தமிழர் வழங்கிய பணியில் புல்வெட்டுதல் பெரும்பகுதியாயிற்று. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று மாதந்தோறும் தரையைச் சுரண்டினர். காடு பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மேல்மண், மூடுவாரின்றி மழையில் கரைந்து ஆறுகளை அடைந்தது. எஞ்சியது பரல். களை என்று வெட்டியெறிந்த செடிகளே மண்ணைக் காத்துநின்றன என்பது காலந்தாழ்ந்தே துரைமாருக்குப் புலப்பட்டது. 1925 இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் முதலானவற்றின் அறிவுரையால் சரிவுகளில் படிவரப்பு அமைப்பதும், வண்டல் தேங்கக் குழி வெட்டுவதும், பயற்றினக் கொடிகளைத் தரையில் படரவிடுவதும் பரவின. அக்குழிகளையும் வெட்டியவர் அதே தொழிலாளரே.

மலாக்கா வரிசை மண்ணின் குறை பின்னரும் மறையவில்லை. பரலடுக்கு மேலாக இருந்தால் வேர் ஆழ இறங்காது. சிலநாள் மழை பொய்த்தாலும் மரம் வாடும், பால் குறையும். ஈரம் மிக்க நாட்டின் நடுவே வறண்ட நாட்டு நிலத்தின் தன்மையைக் காட்டும் மண் இது. வெப்ப நாட்டுக் காட்டை அழித்தால் நிலம் முழுதும் செங்கல்லாகிவிடும் என்று ஒருகாலத்தில் அச்சுறுத்துவார் இருந்தனர். அது மிகைக் கூற்று. அவ்வாறு இறுகும் மண் வெப்ப நாடுகளின் பரப்பில் சிறு பகுதியே. உண்மையான இழப்பு இறுகுவதில் இல்லை, மேல்மண் போய்ப் பரல் வெளிப்படுவதிலேயே உள்ளது.

1952 இல் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைப்பதற்காக, எபிங்ஹாம் தோட்டம் என்னும் ஏறத்தாழ 1,200 ஏக்கர் ரப்பர் நிலத்தில் பெட்டாலிங் ஜெயா உருவாயிற்று. 2006 இல் அது மாநகராயிற்று. நிலத்தின் அடியில் ஓரிடத்தில் கருங்கற் பாறையும் ஓரிடத்தில் மணற்பாறை, களிப்பாறை அடுக்குகளும் உள்ளன. மேடுகளை வெட்டிப் பள்ளங்களில் நிரப்பியே தெருக்கள் அமைந்தன. உழவுக்கு ஆகாத செஞ்சரளை சாலைக்கு அடிப்படையாயிற்று. நீர் தேங்காது வடிவதும், உருளையிட்டு அழுத்தினால் இறுகுவதும் சாலைக்கு வேண்டிய குணங்களல்லவா? ரப்பர் ஆராய்ச்சியார் குறையென்று எழுதியதைப் பொறியாளர் நிறையென்று கொண்டனர்.

அங்கங்கே வெட்டுண்ட மேட்டுச் சரிவுகளில் இம்மண்ணின் அடுக்குகள் வெளிப்படும். மேலே சாண் அளவு பழுப்பு மண், அதன் கீழ் பயறு முதல் நெல்லிக்காய் வரை பருமனுள்ள கருஞ்சிவப்புப் பரல்கள், அதன் கீழ் சிவப்பும் வெளுப்பும் விரவிய களி. முரம்பு என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும் ஆசிரியர் மாணவரை அத்தகைய சரிவொன்றுக்கு அழைத்துச் சென்று காட்டலாம். பருக்கைக் கல்லைக் கையில் எடுத்துக் கொடுக்கவும் செய்யலாம்.