ஒரு பெயரும் பல புலவரும்: ஔவையார், கபிலர் பெயர்கள் இலக்கிய வரலாற்றில் எழுப்பும் சிக்கல்

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரே பெயரைத் தாங்கிய புலவர் பலர் உளர். ஔவையார், கபிலர், பரணர், நக்கீரர் ஆகிய பெயர்கள் அவற்றுள் தலையாயவை. இவற்றை ஆளுக்கொரு பெயராகக் கொள்வதா, காலந்தோறும் வெவ்வேறு புலவர் ஏற்ற பெயராகக் கொள்வதா என்பது வெறும் பட்டியல் சிக்கலன்று. தமிழரின் சமய வரலாற்றையும் சமுதாய வரலாற்றையும் நாம் எவ்வாறு எழுதுகிறோம் என்பதே இதனைச் சார்ந்துள்ளது.

இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது மாணவர் ஒருவரின் ஆய்வேட்டு முன்வரைவாகும். சங்ககாலத்திலேயே விநாயகர் வழிபாடு தமிழகத்தில் வேரூன்றியிருந்தது என்று அவர் எழுதியிருந்தார். ஔவையாரின் விநாயகர் அகவலையும், கபிலர் மூத்த பிள்ளையார்மீது பாடிய இரட்டைமணிமாலையையும் சான்றுகளாகக் காட்டியிருந்தார். தவறு என்று குறிப்பெழுத முனைந்தபோது அவர் அடிக்குறிப்பில் சுட்டியிருந்த மூலத்தைக் கண்டோம். ஆசிரியர் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காகப் பல்லாண்டுகளுக்குமுன் நாமே தொகுத்தளித்த குறிப்பேடு அது. அதில் ஔவையாரின் நூல்கள் யாவற்றையும் ஒரே தலைப்பின்கீழ் வரிசைப்படுத்தியிருந்தோம். ஆகவே, இக்கட்டுரை ஒருவகையில் நம் பிழையை நாமே திருத்திக்கொள்ளும் முயற்சியுமாகும்.

சங்ககால ஔவையார்

எட்டுத்தொகை நூல்களில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் காணப்படுகின்றன. அவற்றுள் 33 பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியே அவர் பெரிதும் பாடிய தலைவன். திருக்கோவிலூருக்கு அருகே சம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற தமிழ் பிராமிக் கல்வெட்டு, ‘அதியன் நெடுமான் அஞ்சி’ என்னும் பெயரையும் அவன் அளித்த கொடையையும் குறிக்கின்றது. இதனைக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாக ஐராவதம் மகாதேவன் கணித்துள்ளார். எனவே, இவ்வௌவையாரின் காலத்திற்குக் கல்வெட்டுச் சான்றின் துணையுண்டு.

இவர் பாடல்கள் காட்டும் வாழ்வு பாணர் மரபைச் சார்ந்தது. அதியமான் இறந்தபோது பாடிய கையறுநிலைப் பாடலில், அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்டதையும் ஊனுணவைத் தமக்களித்ததையும் நினைந்து இரங்குகிறார். அப்பாடலை நாணமின்றிப் பாடிய புலவரும், கொன்று தின்னாதிருத்தலை நோன்பாக வரையறுக்கும் கொன்றை வேந்தனை இயற்றிய புலவரும் ஒருவராதல் அரிது.

பிற்கால ஔவையார்

நல்வழியின் இறுதிப் பாடல் திருக்குறளோடு மூவர் தேவாரம், திருக்கோவையார், திருவாசகம், திருமூலர் வாக்கு ஆகியவற்றையும் ஒருங்கே எண்ணுகிறது. மாணிக்கவாசகரை அறிந்த ஒருவர் அதியமானைப் பாடியிருக்க இயலாது. மூதுரையும் நல்வழியும் விநாயகர் வணக்கத்தோடு தொடங்குகின்றன. சங்கப் பாடல்களிலோ விநாயகர் வழிபாடு பற்றிய குறிப்பே இல்லை. கி.பி. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் தேவாரத்தில் கணபதி இடம்பெறுகிறார். விநாயகர் அகவலோ யோக நெறியின் கலைச்சொற்களால் இயன்றது. ஆகவே, சங்ககாலப் புலவரையும் இந்நூல்களின் ஆசிரியரையும் வேறாகக் கொள்வதே பொருந்தும். அறநூல்களைச் செய்தவரும் அகவலைச் செய்தவரும் ஒருவரா, இருவரா என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

ஒரு பெயர் இவ்வாறு பலருக்கு வழங்கியதற்கு அச்சொல்லின் பொருளே காரணமாகலாம். தெலுங்கில் ‘அவ்வ’ பாட்டியையும் கன்னடத்தில் ‘அவ்வ’ தாயையும் குறிக்கும். மூத்த பெண்ணுக்குரிய மதிப்புச் சொல் இயற்பெயரின் இடத்தைப் பிடித்துக்கொள்வது இயல்பே. பிறகு, அறிவுரை கூறும் பெண்பாற் புலவர் எவரையும் அப்பெயரால் அழைக்கும் மரபு உருவாகியிருக்கலாம்.

இருவர் கபிலர்

பாரியின் நண்பரான கபிலர் குறிஞ்சிப்பாட்டு, ஐங்குறுநூற்றின் மூன்றாம் நூறு, பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து ஆகியவற்றின் ஆசிரியர். சைவத் திருமுறைகளுள் பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார் என்பவர் இயற்றிய மூன்று நூல்கள் உள்ளன. மூத்த நாயனார் திருஇரட்டைமணிமாலை அவற்றுள் ஒன்று. அதே திருமுறையில் பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் ஆகியோரின் நூல்களும் இடம்பெறுகின்றன. சங்கச் சான்றோர் மூவரின் பெயர்களும் ‘தேவ நாயனார்’ என்னும் ஒட்டோடு ஓரிடத்தில் கூடியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. பழம்புலவர் பெயர்களைச் சைவ மரபு போற்றித் தனதாக்கிக்கொண்டது என்றே கருத வேண்டியுள்ளது.

இங்கு யாப்பும் வகைமையும் துணைநிற்கின்றன. இரட்டைமணிமாலை, முழுநூலாக அமைந்த அந்தாதி ஆகியவற்றின் தொன்மையான எடுத்துக்காட்டுகளைக் காரைக்காலம்மையாரிடமே காண்கிறோம். பாரியைப் பாடிய கபிலருக்கு இவ்வடிவங்களை ஏற்றுதல் காலமுரணாகும்.

பாரி மகளிர்: கதை இடம்மாறிய விதம்

பெயர் மயக்கம் வரலாற்று நிகழ்ச்சியையும் இடம்மாற்றும் என்பதற்குப் பாரி மகளிர் செய்தி தக்க சான்று. புறநானூற்றின்படி, பாரி இறந்தபின் அவன் மகளிரை இருங்கோவேள், விச்சிக்கோன் ஆகியோரிடம் அழைத்துச் சென்றவர் கபிலர். திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, கபிலர் பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்ததாகக் கூறுகிறது. தனிப்பாடல் மரபிலோ மணம் முடித்துவைப்பவர் ஔவையார். அங்கவை, சங்கவை என்னும் பெயர்களும் அம்மரபில் வருவனவேயன்றிச் சங்கப் பாடல்களில் இல்லை.

இதே மரபு ஔவையாரைக் கம்பரோடும் உரையாடச் செய்கிறது. அதியமானுக்கும் கம்பருக்கும் இடைப்பட்ட காலம் ஓராயிரம் ஆண்டாகும். அவன் அளித்த நெல்லிக்கனியே அவர் நெடிது வாழ்ந்தமைக்குக் காரணம் என்று கதை வழக்கு விளக்கம் தந்தது. கபிலர் அகவலோ ஔவையார், வள்ளுவர், கபிலர் ஆகியோரை உடன்பிறந்தோராக்கியது. 1859ஆம் ஆண்டு சைமன் காசிச்செட்டி வெளியிட்ட ‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் ஆங்கில நூல் போன்றவை இக்கதை வழக்கைப் பெரிதும் சார்ந்தே எழுந்தன. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே இரு மரபுகளையும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்புப் பரவலாகக் கிட்டியது. ஆயினும், 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஏற்ற மூதாட்டி உருவமே மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

பழந்தொகுப்பாளர் காட்டும் வழி

இம்மயக்கத்தைத் தவிர்க்கும் வழியைப் பழந்தமிழ்த் தொகுப்பாளரே காட்டியுள்ளனர். கபிலரின் வேறாகத் தொல்கபிலர், பரணரின் வேறாக வன்பரணர், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என அடைமொழியும் ஊரும் தந்தை பெயரும் சேர்த்து அவர்கள் புலவரைப் பிரித்துக் காட்டினர். பெயரொன்றே ஆளைக் காட்டாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த விழிப்பை நாம் இழந்துவிட்டோம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவை செய்யுள் பகுதியில் இடம்பெற்று வந்துள்ளன. இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், தொடக்கப்பள்ளி மாணவரிடம் கால ஆராய்ச்சி நிகழ்த்த வேண்டியதில்லை. நெல்லிக்கனிக் கதையைக் கூறும்போது ‘சங்ககால ஔவையார்’ என்றும், ஆத்திசூடியைக் கற்பிக்கும்போது ‘அறநூல் பாடிய ஔவையார்’ என்றும் அடைமொழி சேர்த்துக் கூறினாலே போதும். இடைநிலைப் பள்ளியில், கள்ளுண்டு பாடிய புலவரையும் கொல்லாமை கூறிய புலவரையும் ஒப்பிட்டுக் காணுமாறு மாணவரைத் தூண்டலாம். சான்றுகளைச் சீர்தூக்கும் பயிற்சிக்கு அதைவிட எளிய வாயில் வேறில்லை.

முடிவுரை

ஔவையார் ஒருவர் அல்லர் என்பதால் அப்பெயரின் பெருமை குன்றிவிடாது. நூற்றாண்டுகள் பலவற்றில் பெண்பாற் புலவர் பலர் தமிழ் பாடினர் என்பதே இதனால் பெறப்படும் உண்மை. அவர்களையெல்லாம் ஒரு மூதாட்டியின் உருவில் அடக்கிவிடுவது, அவரவர்க்குரிய காலத்தையும் குரலையும் பறிப்பதாகும். அம்மாணவரின் முன்வரைவைத் திருப்பியளித்தபோது நம் பழைய குறிப்பேட்டின் திருத்திய படியையும் உடன் இணைத்தளித்தோம். அக்குறிப்பேட்டைப் பெற்ற ஆசிரியர்கள் இக்கட்டுரையையும் அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டுகிறோம்.