ஒரு நதியின் போக்கும் ஒரு மனிதனின் வாக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீர் கொண்டு ஓடும் ஆறு வழுக்கையாறு ஒன்றே. மாரி மழை பெய்யுங்கால் தெல்லிப்பளை, அளவெட்டிப் பக்கங்களில் திரளும் வெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களினூடாக வந்து அராலிப் பக்கத்தே கடலேரியை அடைகின்றது. கோடையில் அதன் தடம் மட்டுமே எஞ்சும். அது தோன்றுமிடத்தையும் முடியுமிடத்தையும் ஒருவர் ஒரு பகலில் நடந்து கண்டுவிடலாம். ஆதலின், 'இவ்வாறு எங்கே செல்கின்றது?' என்பது இவ்வூர் மக்களுக்கு ஒரு வினாவாகவே தோன்றாது. ஆயினும், ஆசியாவின் பேராறுகளுள் ஒன்றைப் பற்றி இவ்வினாவே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரை மயக்கிற்று. அம்மயக்கத்தைத் தீர்க்க முயன்றோருள் எழுத்தறியாத மலைநாட்டவர் ஒருவரும் இருந்தார் என்பது புவியியல் வரலாற்றிலே நினைக்கத்தக்க செய்தியாகும்.

அந்நதி திபெத்திலே யார்லுங் சாங்போ எனப்படுவது. கைலைமலைக்கும் மானசரோவர ஏரிக்கும் தென்கிழக்கே, இமயத்தின் வடசரிவிலுள்ள பனிக்கட்டியாறுகளில் அது பிறக்கின்றது. இமயத்தொடர் மழைமேகங்களைத் தடுத்து நிற்பதால் மேலைத் திபெத்து வறண்ட நாடு; ஆங்கு நதியைப் பேணி வளர்ப்பவற்றுள் உருகும் பனியும் ஒன்று. வழுக்கையாறு வற்றிக் கிடக்கும் கோடையிலேதான் சாங்போ பெருக்கெடுத்து ஓடும். அது மலைத்தொடருக்கு இணையாகக் கிழக்கு நோக்கி அறுநூறு மைலுக்கு மேல் ஓடியபின், 25,531 அடி உயரமுள்ள நம்ச்சா பர்வா என்னும் கொடுமுடியையும் அதற்கு எதிரேயுள்ள கியாலா பெரிச் சிகரத்தையும் ஊடறுத்து, ஆழ்ந்த மலையிடுக்கிலே புகுந்து, வளைந்து தெற்கே திரும்புகின்றது. மலையிடுக்கின் வாயிலிலே ஏறத்தாழ 9,500 அடி உயரத்தில் உள்ள நீர், அசாமின் சமவெளியை அடையும்போது சில நூறடி உயரத்திலேயே உள்ளது. அங்கே திகாங் என்ற பெயருடன் வெளிப்பட்டு, திபாங், லோகித் என்னும் ஆறுகளோடு கூடிப் பிரமபுத்திராவாகின்றது.

இன்று பாடசாலைத் தேசப்படத்திலே மாணவர் எளிதிற் காணும் இவ்வுண்மை முன்னாளில் தெளிவாயிருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரெஞ்சுப் படவரைஞர் டான்வில் என்பவர், சாங்போ பர்மாவின் ஐராவதியாகின்றது என்று கொண்டார். 1765ஆம் ஆண்டில் பிரமபுத்திராவை அளந்த ரெனெல் அதனை மறுத்து, சாங்போவும் பிரமபுத்திராவும் ஒன்றே என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஐராவதிக் கட்சியினர் ஓய்ந்தாரல்லர். ஒன்பதினாயிரம் அடி இறங்கும் நதி எங்கோ ஒரு மாபெரும் நீர்வீழ்ச்சியாய் விழுதல் வேண்டும் என்ற ஊகமும் எழுந்தது. நேரிற் சென்று காண்பதோ அரிது. திபெத்து ஐரோப்பியருக்குத் தன் வாயிலை அடைத்திருந்தது. மலையிடுக்கின் கீழ்ப்புறத்து மலைக்குடிகளும் அயலாரைப் புகவிட்டிலர்.

இந்நிலையில், இந்திய நில அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த மொன்ற்கோமரி என்பவர், இமயமலைப் பகுதி மக்களையே பயிற்றி யாத்திரிகர் வேடத்தில் அனுப்பும் வழியைக் கண்டார். குமாவோன் நாட்டு ஆசிரியரான நயின்சிங் இவ்வாறே 1866ஆம் ஆண்டில் இலாசாவை அடைந்தார். அவர் கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடி நடக்குந்தோறும் ஒரு மணி தள்ளப்பட்டது. பிரார்த்தனைச் சக்கரத்தினுள்ளே மந்திரங்களுக்குப் பதிலாக அளவைக் குறிப்புகள் மறைந்திருந்தன. கொதிநீரின் வெப்பத்தைக் கொண்டு இடங்களின் உயரம் கணிக்கப்பட்டது. அவருக்கு 1877ஆம் ஆண்டில் இலண்டன் அரச புவியியற் கழகம் பொற்பதக்கம் அளித்தது.

கிந்துப்பின் வரலாறு வேறு வகையானது. சிக்கிம் நாட்டவராகிய அவர் எழுத்தறியாதவர்; வேறோர் அளவையாளருக்கு உதவியாளராய் மலையிடுக்கின் வாயில் வரை முன்னரே சென்று வந்தவர். 1880ஆம் ஆண்டில் கப்டன் ஹார்மன் என்பவர், இலாமா ஒருவரைத் தலைவராகவும் கிந்துப்பை அவருடைய ஏவலாளராகவும் கொண்டு இருவரையும் திபெத்துக்கு அனுப்பினார். நதியைத் தொடர்ந்து இந்தியா வரை செல்லல் வேண்டும். இயலாதாயின் அடையாளக் குழாய்கள் பூட்டிய மரக்கட்டைகளை நதியில் விடல் வேண்டும். கீழே அசாமில் காவலர் அவற்றை நோக்கியிருப்பர் என்பது ஏற்பாடு.

தலைவராய் வந்தவர் கடமையை மதித்தாரல்லர். வழியிலே தங்கிய வீட்டில் அவர் செய்த பிழைக்கு 25 ரூபா தண்டத்தைக் கிந்துப்பே கொடுக்க நேர்ந்தது. ஈற்றில், தோங்கியுக் என்னுமிடத்து அதிகாரியிடம் கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு அவர் மறைந்தார். மாதங்கள் கழித்து ஆங்கிருந்து தப்பிய கிந்துப், தம் ஊரை நோக்கி ஓடவில்லை. நதியைத் தொடர்ந்து கீழே பேமாகோ நாட்டிற்குச் சென்றார். மார்ப்புங் மடத்தை அடைந்தபோது அதிகாரியின் ஆட்கள் அவரைப் பிடிக்க வந்தனர். மடாதிபதி 50 ரூபா கொடுத்து அவரை விலைக்கு வாங்கினார். ஆகவே அடிமைத்தனம் நீங்கவில்லை. ஆண்டான் மட்டுமே மாறினான்.

யாத்திரை செல்ல விடைபெற்ற ஒரு சமயம், அவர் காட்டிலே 500 கட்டைகளை வெட்டிக் குகையொன்றில் மறைத்து வைத்தார். மற்றொரு யாத்திரையிலே இலாசாவுக்குச் சென்று, சிக்கிம் நாட்டவர் ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தார். நாளொன்றுக்கு 50 கட்டையாகப் பத்து நாட்களில் அவை நதியில் விடப்படும் என்றும், எந்நாள் முதல் என்றும் அதில் அறிவித்தார். இலாசாவிலிருந்து ஊர் திரும்ப வழியிருந்தது. ஆனால், கட்டைகள் கிடந்தது பேமாகோவில். எனவே அவர் மீண்டும் மார்ப்புங் சென்று அடிமைத்தொழில் பூண்டார். ஒன்பது மாதங்களின் பின் மடாதிபதி அவரது பத்தியைக் கண்டு விடுதலை அளித்தார். குறித்த நாளில், குறித்தவாறே, ஐந்நூறு கட்டைகளும் நதியில் விடப்பட்டன.

அவற்றை நோக்குவார் எவருமிலர். ஹார்மன் நோயுற்று இந்தியாவை விட்டு நீங்கியிருந்தார். கடிதம் அவரை எட்டவில்லை. கட்டைகள் காண்பாரின்றி வங்கக்கடலை நோக்கிச் சென்றன. 1884ஆம் ஆண்டில் கிந்துப் ஊர் திரும்பியபோது, அவருடைய தாயார் இறந்துவிட்டார் என்ற செய்தியே காத்திருந்தது.

அவர் நினைவிலிருந்து சொன்னவற்றைப் பிறர் எழுதி மொழிபெயர்த்தனர். எழுத்தறியாதவர் கூற்றென்று பலர் ஐயுற்றனர். சாங்போ 150 அடி விழுகின்றது என அதிற் காணப்பட்ட குறிப்பு பெரிதும் பேசப்பட்டது. 1913ஆம் ஆண்டில் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இருவர் நேரிற் சென்றபோது, அவ்விடத்தில் நதியின் வீழ்ச்சி ஏறத்தாழ 30 அடியே என்று கண்டனர். கியாலாவிலே நதியிற் கலக்கும் ஒரு சிற்றோடையின் வீழ்ச்சியும் நதியின் வீழ்ச்சியும் ஏட்டில் ஒன்றாகிவிட்டன என்பது பின்னர்ப் புலனாயிற்று; பிழை எழுதியோரிடத்தது. ஏனைய இடங்களின் வரிசையும் வழியும் கிந்துப் சொன்னபடியே இருந்தன. தார்ஜிலிங்கில் தையற்காரராய் வாழ்ந்த அவரைத் தேடிக் கண்டனர். பெய்லியின் முயற்சியால் 1,000 ரூபா அவருக்கு வழங்கப்பட்டது. சின்னாட்களில் அவர் மறைந்தார்.

ஐந்நூறு கட்டைகளும் புவியியலுக்கு யாதொரு பயனையும் தந்தில. எனினும், தலைவன் கைவிட்டபின், கூலி கொடுப்போன் அறியாத நிலையில், கண்காணிப்பார் இல்லாதவிடத்து, ஒருவர் தாம் ஏற்ற பணியை முடிப்பதற்காகத் தாமே அடிமைத்தனத்துக்கு மீண்டார் என்பதனை அவை காட்டுகின்றன. அத்தகையோர் வாய்மொழியை ஐயுற்ற கற்றோர், உண்மையை அறிய மேலும் முப்பதாண்டுகள் காத்திருந்தனர்.

கிந்துப் அடிமையாய் வாழ்ந்த பேமாகோ இன்று மேதோக் எனப்படுகின்றது. 2013ஆம் ஆண்டிலேதான் அதற்கு வீதி திறக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அந்நதியின் பெருவளைவை அண்டி மாபெரும் நீர்மின் திட்டமொன்றைச் சீன அரசு தொடங்கிற்று. நதி எங்கே செல்கின்றது என்ற வினா தீர்ந்தது. எவ்வளவு நீர் கீழே வரும் என்ற வினா இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் இப்போது எழுந்துள்ளது. அதற்கும், மலையில் உள்ளோர் கண்டதை உள்ளவாறு சொல்லுதலும், கீழே உள்ளோர் விழித்திருந்து நோக்குதலும் வேண்டப்படுகின்றன.