காசில் ஒரு வாரிசுக் கதை

கோயம்புத்தூர் வட்டாரத்தில் பூமியைத் தோண்டும்போது ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்ததை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். "அந்தக் காலத்திலேயே நம்ம மிளகு ரோம் வரைக்கும் போயிருக்கு" என்று பெருமைப்படுவோம்; அதோடு சரி. அந்தக் காசில் இருப்பது யார், எதற்காக இருக்கிறார்கள் என்று திருப்பிப் பார்த்ததில்லை.

இந்தக் காசின் பெயர் தினாரியஸ். எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கொங்குப் புதையல்களில் மிகுதியாகக் கிடைப்பவை இரண்டே வகைதான்.

முதல் வகை, அகஸ்டஸ் பேரரசர் கி.மு. 2 முதல் வெளியிட்டது. முன்பக்கம் இலைமாலை சூடிய அவர் தலை. சுற்றிலும் 'தெய்வத்தின் மகன்', 'நாட்டின் தந்தை' என்ற பொருளில் லத்தீன் எழுத்துகள். அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரை, இறந்தபின் ரோம் தெய்வமாக்கியிருந்தது. பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். மகள் ஜூலியாவின் பிள்ளைகளான காயஸ், லூசியஸ். பேரன்களான இவர்களை அகஸ்டஸ் கி.மு. 17இல் மகன்களாகத் தத்தெடுத்தார். 'மன்னர்' என்ற சொல்லே ரோமானியருக்கு ஆகாது. அதனால் வாயால் சொல்ல முடியாததைக் காசு சொன்னது: எனக்குப் பிறகு இவங்கதான்!

ஆனால் நடந்தது வேறு. லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். மனைவி லிவியாவின் முதல் கணவருக்குப் பிறந்த திபேரியஸ்தான் கடைசியில் வாரிசானார். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட அவருடைய காசுதான் இரண்டாவது வகை. பின்பக்கம் கையில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அது தாய் லிவியாதான் என்பது பலர் கருத்து. பைபிளில் வரி பற்றிய கேள்வி வந்தபோது இயேசு காட்டச் சொன்ன காசும் இந்த வகைதான் என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

ஆக, ஒரு பேரரசர் வீட்டு வாரிசுச் சிக்கல் முழுவதும் கடல் கடந்து கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கியவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த முகமா, வெள்ளி சுத்தம் என்ற நம்பிக்கை போதும். வாரிசுகள் மறைந்த பிறகும் அவர்கள் உருவம் பொறித்த காசு இங்கே மதிப்போடு இருந்ததற்கு அதுவே காரணம் என்பது ஆய்வாளர் பலர் சொல்லும் விளக்கம்.

கி.பி. 64இல் நீரோ மன்னர் தினாரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். காசில் பேரரசர் தலை இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் தென்னாட்டுப் புதையல்களில் அரிது. நம்மவர்கள் தலையைப் பார்த்து ஏமாறவில்லை; வெள்ளியை உரசிப் பார்த்தே வாங்கினார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ரோமானியக் காசுகள் நிறைய உண்டு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். தினாரியஸ் கண்ணில் பட்டால், அந்த இரண்டு பேரன்களின் கதையையும் சொல்லுங்கள்.